ஆகாபின் முத்திரையும் அபிகாயிலின் கழுதைகளும்

கேள்வி: அபிகாயில் தன் புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தாவீதைப் பார்க்கப் போனாள். யேசபேலும் தன் புருஷன் ஆகாப் ராஜாவைக் கேட்காமல்தான் நிருபம் எழுதினாள். அப்படியிருக்க ஒருத்தியைப் புத்திசாலி என்றும் மற்றவளைப் பொல்லாதவள் என்றும் எப்படிப் பிரிப்பது?

பதில்: சகோதரி, சொன்னாளா சொல்லவில்லையா என்பதை விட்டுவிட்டு, யார் பெயரில் செய்தாள், நஷ்டம் யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள்.

1 சாமுவேல் 25-ஐ எடுத்துக்கொள்வோம். அபிகாயிலின் புருஷன், மாகோன் ஊரான் நாபாலுக்கு 3000 ஆடுகளும் 1000 வெள்ளாடுகளும் இருந்தன. மயிர் கத்தரிக்கும் நாளில் தாவீதின் ஆட்களை அவன் அவமதித்து அனுப்பிவிட்டான். தாவீது 400 பேரோடு பட்டயம் கட்டிப் புறப்பட்டான். விடிவதற்குள் அந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளைகூட மிஞ்சக்கூடாது என்பது அவன் சபதம். விஷயத்தை அபிகாயிலிடம் சொன்னவன் ஒரு வேலைக்காரன். எஜமானிடம் ஒருவரும் பேசமுடியாது என்றும் அவன் சொன்னான். நாபாலிடம் பேசாமல் அவள் போனதற்குக் காரணம் அங்கேயே இருக்கிறது.

அவள் கழுதைகள்மேல் ஏற்றியவை: 200 அப்பம், 2 துருத்தி திராட்சரசம், சமைத்த 5 ஆடுகள், 5 படி வறுத்த பயறு, 100 வற்றல் திராட்சக்குலை, 200 அத்திப்பழ அடை. எல்லாம் அவள் வீட்டுச் சரக்கு. தாவீதுக்கு முன்பாக முகங்குப்புற விழுந்து, பாதகம் தன்மேல் சுமரட்டும் என்றாள். புருஷனின் குணத்தையும் அவள் மூடி மறைக்கவில்லை. வீணாக இரத்தம் சிந்தினால் பிற்காலத்தில் அது உமக்கே மன இடறலாகும் என்று தாவீதின் மனச்சாட்சியோடு பேசினாள். வீடு திரும்பியபோது நாபால் வெறித்திருந்ததால் அன்றிரவு வாய் திறக்கவில்லை. விடிந்து, வெறி தெளிந்தபின் எல்லாவற்றையும் அவனிடமே சொன்னாள். ஒளிவு அந்த ஓர் இரவோடு முடிந்தது.

இப்போது 1 இராஜாக்கள் 21. நிலம் பிதாக்களின் சுதந்தரம், அதை நிரந்தரமாய் விற்கக்கூடாது என்பது நியாயப்பிரமாணம் (லேவியராகமம் 25:23). அதனால்தான் நாபோத், ஆகாப் ராஜா கேட்டும் தன் திராட்சத்தோட்டத்தைக் கொடுக்க மறுத்தான். ஆகாப் கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் படுத்தான். யேசபேல் ஊர் மூப்பர்களுக்கு ஆகாபின் பெயரால் எழுதி, ஆகாபின் முத்திரையைப் போட்டாள். உபவாசம் கூறச் சொன்னாள். நாபோத்துக்கு விரோதமாய்ப் பொய்சாட்சி சொல்ல இரண்டு பேரை நிறுத்தச் சொன்னாள். இரண்டு சாட்சி வேண்டும் என்பது மோசேயின் சட்டம் (உபாகமம் 17:6). குற்றமற்றவனைக் காக்க வந்த சட்டத்தையே அவனைக் கல்லெறிந்து கொல்லப் பயன்படுத்தினாள். பக்தியின் உருவத்தில் வந்த கொலை இது. வாசிக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

ஒரு நுணுக்கம். நிருபம் ஆகாபின் பெயரில் போயிற்று; ஆனால் நாபோத் செத்தான் என்ற செய்தியை ஊர் மூப்பர்கள் அனுப்பியது யேசபேலுக்கு (வசனம் 14). யார் எழுதியது என்று அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதற்காக ஆகாப் தப்பவில்லை. ஒரு வரியும் எழுதாத அவனைத்தான் எலியா தீர்க்கதரிசி, கொலைகாரன் என்று முகத்துக்கு நேரே கேட்டான். மனைவி தூண்டிவிட்டாள் என்று எழுதும் 25-ஆம் வசனமே, அவன் தன்னைத் தானே விற்றுப்போட்டான் என்றும் எழுதுகிறது.

கேள்வி: யேசபேல் கண்ணுக்கு மை தீட்டியதால்தான் கெட்டவள் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். சரியா?

பதில்: சரியல்ல. மை வருவது 2 இராஜாக்கள் 9:30-இல், அவள் சாகும் நாளில். அவள் மகன் யோராம் ராஜாவை, அவனுக்கு விரோதமாய் எழும்பிய யெகூ ஏற்கெனவே கொன்றுவிட்டான். யெகூவை மயக்க அவள் அலங்கரித்தாள் என்பதற்கு வசனத்தில் ஆதாரமில்லை. அவள் பேசிய பேச்சு, எஜமானைக் கொன்ற சிம்ரியோடு அவனை ஒப்பிட்டுக் குத்தும் பேச்சு. அவள்மேல் வேதம் வைக்கும் குற்றங்கள் தீர்க்கதரிசிகளைச் சங்கரித்ததும், பாகால் வணக்கமும், நாபோத்தின் இரத்தமும். தியத்தீரா சபைக்கு எழுதிய நிருபத்திலும் (வெளிப்படுத்தின விசேஷம் 2:20) கண்டிக்கப்படுவது யேசபேல் என்று அழைக்கப்படும் ஒருத்தியின் போதனை, அலங்காரமல்ல. மையைப் பிடித்துக்கொண்டால் பொய்சாட்சி கண்ணில் படாமலே போய்விடும்.

கேள்வி: பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இதை ஒரு மணி நேரத்தில் எப்படிப் படிப்பது?

பதில்: நல்ல பெண்கள், கெட்ட பெண்கள் என்று பட்டியலோடு தொடங்காதீர்கள்; பத்தாவது நிமிடத்தில் பேச்சு பக்கத்து வீட்டு மருமகளிடம் போய் நிற்கும். முதலில் 1 சாமுவேல் 25:2-38, பிறகு 1 இராஜாக்கள் 21:1-19. இரண்டையும் சத்தமாய் வாசிக்க வையுங்கள். பலகையில் மூன்று கேள்விகள் மட்டும்: யார் பெயரில் செய்தாள்? என்ன கொடுத்தாள், என்ன எடுத்தாள்? யாருடைய இரத்தம் தப்பியது, யாருடையது சிந்தியது? விடைகளை வசன எண்ணோடு எழுதட்டும். நேரம் மிஞ்சினால் 2 இராஜாக்கள் 11:1-3: ராஜவம்சத்தை அழிக்க எழும்பிய அத்தாலியாளும், ராஜகுமாரன் யோவாஸைக் களவாய் எடுத்து ஒளித்துவைத்த யோசேபாளும் அந்த மூன்று வசனங்களுக்குள்ளேயே எதிரெதிராக நிற்கிறார்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாயிருங்கள். வீட்டில் அடிவாங்கும் சகோதரி ஒருத்தி அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். "அபிகாயிலைப்போலப் பொறுத்துக்கொள்" என்று அவளிடம் யாரும் சொல்ல விடாதீர்கள். அபிகாயில் பொறுத்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. ஆபத்து என்று கேட்டவுடன் தீவிரமாய் எழுந்து புறப்பட்டாள்.