பாலிசைத்தீமியா உள்ள அம்மாவுக்குக் குளித்தாலே உடம்பெல்லாம் அரிக்கிறது, தோலில் ஒன்றுமே இல்லை. இது மனப்பிரமையா?

இல்லை. பாலிசைத்தீமியா வேரா, ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும், மெல்ல நகரும் ரத்தப் புற்றுநோய். அதில் தண்ணீர் பட்ட சில நிமிடங்களில் ஊசி குத்துவது போல அரிப்பெடுப்பது தெரிந்த தொல்லைதான். தடிப்போ சிவப்போ இருக்காது, அதனால் பக்கத்தில் இருப்பவர்கள் நம்புவதில்லை. சிலருக்கு நோய் தெரிவதற்குப் பல வருடம் முன்பே தொடங்கிவிடும். இந்த நோயின் பின்னால் இருக்கும் ஜாக்2 மரபணு மாற்றம் 2005இல் கண்டறியப்பட்டது. ஆனாலும் தண்ணீர் ஏன் அரிப்பைக் கிளப்புகிறது என்பது மருத்துவத்துக்கே இன்னும் பிடிபடவில்லை.

முதலில் குளியலை மாற்றுங்கள். பலருக்கு வெந்நீர் ஆகாது, சிலருக்குப் பச்சைத் தண்ணீரும் ஆகாது. வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கட்டும். பீர்க்கங்காய் நாரை ஒதுக்கிவிடுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்தோடு ஃபேனுக்கு அடியில் நிற்கக் கூடாது. உடல் சூடு சட்டென்று மாறினாலும் அரிப்பு கிளம்பும்.

செட்ரிசைன் போன்ற அலர்ஜி மாத்திரை சிலருக்குத்தான் கேட்கும். அடுத்த படியாக பராக்ஸிடின், குறுகிய அலைவரிசை யூவிபி ஒளிச் சிகிச்சை, இன்டர்ஃபெரான், ரக்ஸோலிடினிப் என்று வழிகள் இருக்கின்றன. பராக்ஸிடின் மனச்சோர்வுக்கான மருந்து என்று தெரிந்ததும் "எனக்கென்ன பைத்தியமா" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது அரிப்புக்காகவே தரப்படுவது. மருந்துப் பெயர் எழுதியதற்கு யாராவது சண்டைக்கு வரலாம்; இவையெல்லாம் ஹீமடாலஜிஸ்ட்டிடம் (ரத்தநோய் நிபுணர்) கேட்பதற்கு, கடையில் வாங்குவதற்கு அல்ல.

மனசு கொதிக்கும் ஒரு விஷயம். பிசிவி அளவை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை, 45 சதவீதத்துக்குக் கீழே வைக்கத்தான் ரத்தத்தை எடுத்துவிடுகிறார்கள். எடுக்க எடுக்க இரும்புச் சத்து குறையும், அசதி வரும். வேறொரு கிளினிக்கில் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) குறைவு என்று பார்த்ததும் நோயையே விசாரிக்காமல் இரும்பு மாத்திரை எழுதிவிடுவார்கள். சில வாரங்களில் பிசிவி மளமளவென்று ஏறி, ரத்தம் உறையும் ஆபத்து திரும்பிவிடும். ஹீமடாலஜிஸ்ட் சொல்லாமல் இரும்பு டானிக்கைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு சீட்டின் தலைப்பிலும் நோயின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

உள்ளங்கால் சிவந்து எரிந்து, ஈரத் தரையில் வைத்தால் இதமாக இருந்தால் அது வேறு சிக்கல். நுண்ணிய ரத்த நாளங்களில் பிளேட்லெட் (ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள்) செய்யும் வேலை. குறைந்த அளவு ஆஸ்பிரினில் பெரும்பாலும் சீக்கிரம் அடங்கும். ஆனால் பிளேட்லெட் 10 லட்சத்தைத் தாண்டியிருந்தால் ரத்தம் உறைய உதவும் வான் வில்பிராண்ட் புரதம் குறைந்திருக்கலாம். அதைச் சோதிக்காமல் ஆஸ்பிரின் தந்தால் ரத்தக்கசிவில் முடியலாம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ, பேச்சு குழறினாலோ, வயிறு திடீரென்று வலித்து உப்பினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே அவசரப் பிரிவுக்கு.

டாக்டர் தரும் நேரம் குறைவு. "ரொம்ப அரிக்குது" என்றால் செட்ரிசைன்தான் கிடைக்கும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தண்ணீர் எவ்வளவு சூடு, எத்தனையாவது நிமிடம் அரித்தது, எந்த இடத்தில், எப்போது அடங்கியது, அன்று தூக்கம் எப்படி. அந்தப் பக்கத்தோடு கடைசி மூன்று ரத்தப் பரிசோதனைகளையும் ஜாக்2 ரிப்போர்ட்டின் நகலையும் மேசையில் வையுங்கள்.