இரண்டாம் கட்டுக்குக் கேட்காத குரல்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். தங்களுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துக் குணமானதைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். என் கணவருக்கு வயது 61. சென்ற ஆண்டு அவருக்குக் குரல்வளையில் புற்றுநோய் என்று கண்டு, குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டு, அதன்பின் முப்பது நாள் கரண்ட் வைத்தார்கள். இப்போது கழுத்தில் உள்ள துளை வழியாகத்தான் மூச்சு. நோய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது.

நாற்பது ஆண்டு ஜவுளிக்கடையில் உட்கார்ந்து வியாபாரம் பேசியவர் இப்போது வீட்டின் முகப்புக்கே வருவதில்லை. வருகிறவர்கள் அவருக்குக் காது கேட்காததுபோலக் கத்திப் பேசுகிறார்கள். கேள்வியை அவரிடம் கேட்டுவிட்டு, பதிலுக்கு என் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர் சிலேட்டில் எழுதி முடிப்பதற்குள் அவர்கள் சங்கடப்படுவதால் நானே அவருக்காகப் பேசிவிடுகிறேன். சாப்பாடு மண்ணாக இருக்கிறது என்கிறார். எந்நேரமும் அசதி. இந்த நோயிலிருந்து மீண்டவர்களைப் பார்த்துப் பேச நம் பக்கத்தில் வழி உண்டா?

இப்படிக்கு,
தேவகோட்டை வாசகி

அன்புள்ள ஆச்சி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கதிர்வீச்சும் மருந்தும் மட்டுமே கொடுத்தார்கள். கரகரத்துப்போனாலும் என் குரல்வளை என்னிடமே இருக்கிறது. ஆகவே தங்கள் கணவரின் நிலையை நான் உள்ளிருந்து அறிந்தவனல்லன். திருமயம் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதே அறுவை சிகிச்சை நடந்தது. தங்கள் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டிவிட்டே இதை எழுதுகிறேன்.

அசதியை உடனே கவனியுங்கள். கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களில் பலருக்குச் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ தைராய்டு சுரப்பு குறைந்துவிடுகிறது; குரல்வளையோடு தைராய்டின் ஒரு பகுதியையும் எடுத்திருந்தால் அது இன்னும் சீக்கிரம் நேரலாம். உடம்பு கனப்பதும், குளிர் தாங்காமல் போவதும், எதிலும் நாட்டமில்லாமல் மூலையில் உட்கார்ந்துவிடுவதும் அதன் அறிகுறிகள். வீட்டில் உள்ளவர்களோ, குரல் போன கவலையில் மனம் ஒடிந்துவிட்டார் என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். டி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனையை ஆறு மாதத்திற்கோ ஆண்டுக்கோ ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். என் வீட்டில் என்னைக் குன்றக்குடிக்கு அழைத்துப்போய் அர்ச்சனை செய்த மாதத்தில் எனக்குத் தேவைப்பட்டது காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராக்சின் மாத்திரை. (அர்ச்சனையைக் குறை சொல்லவில்லை, மாத்திரையும் வேண்டியிருந்தது.) பல் வலித்தால் உள்ளூரில் அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கதிர்வீச்சு பட்ட தாடையெலும்பு எளிதில் ஆறாது. சிகிச்சை தந்த மருத்துவரிடம் கேட்டுக்கொண்ட பின்பே பல்லில் கை வைக்க வேண்டும்.

சாப்பாடு மண்ணாக இருப்பதற்கு நாக்கு மட்டும் காரணமல்ல. கதிர்வீச்சால் உமிழ்நீர் வற்றி நாச்சுவை குறைவது உண்மைதான், அது பல மாதங்களில் ஓரளவு திரும்பும்; எனக்கு மிளகு ரசம் எரியாமல் இறங்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று, அதுவரை பால் பணியாரமும் குழைந்த இடியாப்பமுமாகக் காலம் தள்ளினேன். தங்கள் கணவருக்கு வேறொன்றும் சேர்ந்திருக்கிறது. மூச்சு கழுத்து வழியாகப் போவதால் மூக்கில் காற்றோட்டமே இல்லை; காற்று ஏறாத மூக்கில் வாசனையும் ஏறாது. தாளிக்கும் வாசனை தெருவரை போகும் வீட்டில் அவருக்கு மட்டும் எதுவும் தெரிவதில்லை. இதற்கு ஒரு பயிற்சி உண்டு. உதடுகளை மூடிக்கொண்டு, சபையில் கொட்டாவியை அடக்குகிறவர்போலத் தாடையையும் நாக்கின் அடியையும் கீழே இறக்கினால் சிறிது காற்று மூக்குக்குள் இழுபடும். நண்பர் இதை என் எதிரில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு செய்து காட்டினார். மூன்றாம் முறை புருவத்தை உயர்த்தி, "டிகாஷன் பழசு" என்றார்.

ஒருவர் கழுத்துக்குச் சொன்னதை இன்னொருவர் கழுத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு என் அனுபவத்தையே சொல்லலாம். சிகிச்சை பெற்ற இடத்தில் விழுங்கும் பயிற்சி என்று ஒன்று இருப்பதையே எனக்கு யாரும் சொல்லவில்லை. கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீட்டில், நம் வழக்கப்படி செம்பை உயர்த்தி அண்ணாந்து தண்ணீர் குடித்தேன். அது மூச்சுக்குழலுக்குள் போய், பந்தியே எழுந்து நிற்கும்படி இருமினேன். தலையை அண்ணாந்தால் மூச்சுவழி திறந்துகொள்கிறது, மோவாயை மார்பை நோக்கித் தாழ்த்திச் சிறு மடக்காக விழுங்க வேண்டும் என்று பின்னர் ஒரு பேச்சுப் பயிற்சியாளர் சொல்லித்தான் தெரியும். தங்கள் கணவருக்கோ உணவுக்குழலும் மூச்சுக்குழலும் முற்றிலும் பிரிக்கப்பட்டுவிட்டதால் இந்த ஆபத்து இல்லை. அவருடைய ஆபத்து கழுத்துத் துளையில் இருக்கிறது. ஊரணியில் இறங்கக் கூடாது. குளிக்கும்போது தண்ணீர் துளைக்குள் போகாமல் மறைத்துக்கொள்ள வேண்டும். ஆடிக்காற்றில் செம்மண் புழுதி பறக்கும் நாட்களில் துளையின் மேல் ஈரமான மெல்லிய பருத்தித் துணி இருக்க வேண்டும். மயங்கி விழுந்தால் ஆக்ஸிஜனை மூக்கில் வைத்துப் பயனில்லை, கழுத்தில்தான் வைக்க வேண்டும் என்று எழுதிய அட்டை ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கட்டும்.

இனி, தங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். "நானே அவருக்காகப் பேசிவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பினால் செய்கிறீர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அவர் முகப்புக்கு வராமல் இருப்பதற்கு நோயைவிட இது பெரிய காரணமாக இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். வியாபாரத்தில் விலையைத் தானே சொல்லிப் பழகியவர் அவர். அவர் சிலேட்டை எடுக்கும்போதே பதில் இன்னொருவர் வாயிலிருந்து வந்துவிட்டால், நாலு நாளில் சிலேட்டை எடுப்பதையே விட்டுவிடுவார். வந்தவர் காத்திருக்கட்டும். எழுதி முடிக்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில் நீங்கள் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்துவருவது நல்லது.

நம் வீடுகளின் நீளத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். முகப்பிலிருந்து வளவு என்ற உள்முற்றம், வளவிலிருந்து இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீட்டில், ஆளைக் கூப்பிடக் குரல் ஒன்றுதான் கருவி. அது போனவர் மேல்வீட்டில் தனியாக இருக்கும்போது சளி அடைத்தால் என்ன செய்வார் என்ற பயம் அவருக்கு இருக்கும், வெளியே சொல்லமாட்டார். நண்பர் வீட்டில் கம்பியில்லாத அழைப்பு மணி ஒன்று உண்டு. பொத்தான் அவர் சட்டைப்பையில், மணி அடுப்படியில். ஒருமுறை அடித்தால் வா, மூன்று முறை அடித்தால் ஓடி வா. சில நூறு ரூபாய்தான்.

குரலுக்கு வழியே இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால் அது தவறு. மூன்று வழிகள் இருக்கின்றன. காற்றை விழுங்கி உணவுக்குழலின் மேற்பகுதியை அதிரச் செய்து பேசுவது ஒன்று. செலவில்லை, ஆனால் கற்க மாதக்கணக்கில் ஆகும், எல்லோருக்கும் கைகூடுவதும் இல்லை. கழுத்தில் வைத்து அழுத்தும் பேட்டரிக் கருவி இன்னொன்று. சீக்கிரம் பேசிவிடலாம், குரல் இயந்திரம்போல ஒரே சுருதியில் இருக்கும். மூன்றாவது, 1980இல் அமெரிக்காவில் சிங்கர், பிளாம் என்ற இருவர் அறிமுகப்படுத்திய முறை. மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் நடுவே ஒரு சிறு வால்வு வைப்பார்கள். விரலால் கழுத்துத் துளையை மூடி மூச்சை விட்டால் காற்று வால்வு வழியாக உணவுக்குழலுக்குள் போய்க் குரலாகும். அறுவை சிகிச்சையின்போது வைக்காவிட்டாலும் பிற்பாடு வைத்துக்கொள்ளலாம் என்பதால், தங்கள் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை வால்வை மாற்ற வேண்டியிருக்கும். தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தால் அது கசியத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெளிநாட்டு வால்வு ஆயிரக்கணக்கில் விலை என்பதால்தான் பெங்களூரு மருத்துவர் விஷால் ராவ் 50 ரூபாய் அளவில் 'ஓம்' என்ற வால்வை உருவாக்கினார்.

நண்பரை நான் சந்தித்தது ஒரு மருத்துவமனை வராந்தாவில். என் முறைக்காக மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் பேசக் கூடாது என்ற முடிவோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் காலரை விலக்கி, துணியின் மேல் கட்டைவிரலை அழுத்தி, "சாப்டீகளா?" என்றார். சொரசொரப்பான, தணிந்த, ஆனால் ஐயமில்லாமல் புதுக்கோட்டைப் பக்கத்துக் குரல். ஆறு மாதமாக எல்லோரும் என்னிடம் தைரியமாக இருங்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒருவர்தான், வாய் உலர்வதற்கு இரவில் தலைமாட்டில் என்ன வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார்.

மீண்டவர்களைப் பார்த்துப் பேச நம் பக்கத்தில் வழி உண்டா என்று கேட்டீர்கள். சிகிச்சை நடந்த மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளரிடம், இதே அறுவை சிகிச்சை ஆன ஒருவரை அறிமுகப்படுத்துங்கள் என்று கேட்பதே நேர்வழி. அவர்களுக்கு ஆட்களைத் தெரியும், கேட்டால்தான் சொல்வார்கள். அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி நம் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். சோதனைக்குச் சென்னை போவதானால், மருத்துவமனை தரும் படிவத்தைக் காட்டினால் இரயிலில் படுக்கை வகுப்பில் நோயாளிக்கு முழுக் கட்டணமும், துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கும் தள்ளுபடி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குரல்வளை அகற்றப்பட்டதால் வரும் பேச்சுக் குறைபாட்டைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்திருக்கிறது; ஆகவே தங்கள் கணவர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அட்டை வாங்க அவர் தயங்குவார். அவசரப்படுத்த வேண்டாம்.

வரும் ஞாயிறு காலை நண்பரும் நானும் தேவகோட்டைக்கு வர இருக்கிறோம். தங்கள் கணவர் விரும்பினால் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவோம். வரலாமா, வேண்டாமா என்பதைத் தாங்கள் சொல்ல வேண்டாம். என் கைப்பேசி எண்ணைத் தனியே அனுப்புகிறேன், அவர் கையாலேயே ஒரு வரி அனுப்பட்டும். வேண்டாம் என்று வந்தாலும் அவருக்கே பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
காரைக்குடி