அம்மம்மாவின் மெஷினில் ஒரு ஸ்டீம்பங்க் உடை

வணக்கம் அக்கா,

உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். கொழும்பில் நடக்கும் கொமிக் கொன் என்ற கொமிக்ஸ் ரசிகர் விழாவுக்கு, விக்டோரியா காலத்துச் சாயலோடு நீராவி யந்திரச் சாயலும் கலந்த ஸ்டீம்பங்க் உடை தைக்க ஆசை. கோர்செட் (இடுப்பை நாடாவால் இறுக்கும் விறைப்பான கச்சு), பின்பக்கம் புடைத்த பாவாடை, பித்தளைப் பற்சில்லுகள் எல்லாம் வேண்டும். வீட்டில் இருப்பது அம்மம்மாவின் கால் மிதி மெஷின் மட்டும். மோட்டர் மெஷின் வாங்கும்வரை தள்ளிப்போடவா? இந்த வெக்கையில் அதைப் போட்டால் மயங்கி விழுவாய் என்று அம்மா வேறு சொல்கிறா.

ஒரு வாசகி, திருகோணமலை

அன்புள்ள தங்கச்சிக்கு,

தள்ளிப்போட வேண்டாம். சிங்கர் தன் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றது 1851இல், இலங்கைக்கு வந்தது 1877இல். விக்டோரியா ராணி 1901 வரை ஆண்டார். நீங்கள் கேட்கும் புடைத்த பாவாடை 1870களிலும் 80களிலும்தான் கொடிகட்டிப் பறந்தது. அந்தப் பாவாடைகள் எத்தனையோ இப்படிக் காலால் மிதிக்கும் மெஷின்களில் தைத்தவைதான். கோர்செட்டில் நாலைந்து மடிப்பு சேரும் இடம் வந்தால் காலை எடுத்துவிட்டு, பக்கத்துச் சில்லைக் கையால் உருட்டி ஒவ்வொரு தையலாகக் கடவுங்கள். 16ஆம் நம்பர் ஊசி போடுங்கள்.

அம்மா சொல்வது சரி. நான் முதலில் தைத்த கோர்செட்டுக்குப் பொலியெஸ்டர் லைனிங் போட்டேன். கச்சான் காற்று வீசிய ஒரு மத்தியானம் போட்டுப் பார்த்து, அரை மணித்தியாலத்தில் அவிழ்த்துவிட்டேன். வெளித்துணி, லைனிங், உள்ளே போடும் பனியன் எல்லாமே பருத்தியாக இருக்கட்டும். நாடாவை இறுக்கிய பிறகு ஆழமாக மூச்சு இழுக்க முடியாவிட்டால் உடனே தளர்த்துங்கள்.

கோர்செட்டை முதலில் பழைய பெட்ஷீட்டில் தைத்து வெள்ளோட்டம் பாருங்கள். முதுகில் நாடா கோக்கும் இடத்தில் இரண்டு அங்குல இடைவெளி விடுங்கள். விறைப்புக்கு அந்தக் காலத்தில் திமிங்கில வாய்த்தகடும் உருக்குக் கம்பியும் வைத்தார்கள். நமக்கு ஹாட்வெயார் கடையில் விற்கும் அகலமான கேபிள் டை (வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டி) போதும். தலையை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு நுனியையும் வட்டமாக நறுக்கி அரம் போட்டு மழுக்குங்கள். அப்படி மழுக்காவிட்டால், இரண்டாம் முறை போடும்போதே துணியைத் துளைத்துக்கொண்டு விலாவில் குத்தும்.

பாவாடைக்கு அம்மாவின் பழைய கைத்தறிச் சேலை ஒன்று கேட்டு வாங்குங்கள். ஐந்தரை மீற்றர் தாராளம், கரையே விளிம்பு அலங்காரமாகிவிடும். இலவம்பஞ்சு அடைத்த பிறை வடிவத் தலையணை ஒன்றை இடுப்பின் பின்னால் நாடாவால் கட்டிக்கொண்டு, அதன் மேல் உள்பாவாடை, அப்புறம் சேலைத்துணி. சேலைத்துணியின் உட்புறம் மேலும் கீழுமாகச் சோடி சோடியாக நாடா தைத்து, ஒவ்வொரு சோடியையும் முடிச்சுப் போட்டுவிட்டால் துணி தானாக மேலேறிப் பின்னால் கொத்தாக விழும். பஸ் பயணத்தில் அவிழ்த்துவிட்டால் தட்டையாக மடித்துப் பையில் வைக்கலாம்.

பற்சில்லுகளை உடை முழுக்க ஒட்டாதீர்கள். இடுப்புப் பட்டியில் இரண்டு போதும், ஒன்றைத் திருப்பினால் மற்றதும் சுழலும்படி பல்லோடு பல் பொருத்துங்கள். சும்மா ஒட்டிய சில்லு எனக்குப் பிடிக்காது.

பெட்ஷீட் வெள்ளோட்டம் முடிந்ததும் ஒரு படம் அனுப்புங்கள், முதுகுப் பக்கம் தெரியும்படி. பிழை இருந்தால் அங்கேதான் தெரியும்.

அன்புடன்,
அக்கா