பிள்ளை வரவில்லையென்றால் காரைப் பற்றிக் கேளுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம். பதினொரு வயது மகள் சொஃப்ட்போல் குழுவில், பேஸ்போல் மாதிரிப் பந்தை மட்டையால் அடித்துத் தளம் தளமாக ஓடுகிற விளையாட்டில், சேர்ந்திருக்கிறாள். ஆள் இல்லாததால் உங்களையே பயிற்றுநராக நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டு பிள்ளைகளில் ஆறு பேர்தான் பயிற்சிக்கு வருகிறார்கள், அவர்களை எப்படிப் பிடித்துவைப்பது என்று கேட்கிறீர்கள். கூடவே கார் காப்புறுதி, குளிர்கால ரயர், வீடு வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். காப்புறுதிக்கு நாலு இடத்தில் விலை கேளுங்கள். ரயரை நவம்பர் பிறந்ததும் மாற்றுங்கள். வீட்டுக் கதையை இரண்டு வருடம் கழித்துக் கதைப்போம். சொஃப்ட்போலுக்கு வருகிறேன். பதினான்கு கோடைகள் அந்தக் கம்பிவேலி ஓரமாக நின்றவன் நான்.

முதலில் ஒன்று. பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவள் வரவில்லையென்றால் அவளுக்கு ஈடுபாடு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். என் முதல் பருவத்தில் நான் அந்தப் பிழையை விட்டேன். ஒரு பிள்ளை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அரை மணி பிந்தி வருவாள். மற்றப் பிள்ளைகளுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று ஒரு நாள் முழு ஆட்டமும் அவளை வாங்கிலில் இருத்தினேன். அடுத்த கிழமை அவள் வரவில்லை, பிறகு வரவேயில்லை. அவளுடைய அம்மா முதியோர் இல்லத்தில் ஆறு மணிக்கு வேலை முடித்து, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து மகளைக் கூட்டி வருபவர் என்று ஓகஸ்டில்தான் எனக்குத் தெரியவந்தது. இன்றைக்கும் அந்தப் பிள்ளையின் முகம் நினைவில் நிற்கிறது.

ஆகவே பருவம் தொடங்க முதல் பன்னிரண்டு வீட்டுக்கும் நீங்களே ஃபோன் எடுங்கள். குழுவுக்கு ஒரே செய்தியாக அனுப்பினால் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். செவ்வாய் யார் கூட்டி வருவார், வியாழன் யார், இரவு வேலை யாருக்கு என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரரைச் சேர்த்துவிடுங்கள். ஆனால் பாவம் பார்த்து நீங்களே ஒரு பிள்ளையைத் தனியே காரில் ஏற்றாதீர்கள். பயிற்றுநர் ஒருவர் பிள்ளையோடு தனியே இருக்கக்கூடாது என்ற இருவர் விதி இங்கே கண்டிப்பானது. புதிதாக வந்த எங்கள் ஆட்கள் நல்ல மனதோடு செய்து அகப்படும் இடம் இதுதான். பொலிஸ் சான்றிதழையும் இப்போதே எடுத்துவையுங்கள். அது கைக்கு வரக் காலம் எடுக்கும்.

தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்பதையும் படித்துவையுங்கள். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் இதற்கென்றே 2018 இல் ரோவன் சட்டம் வந்தது. ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற பதினேழு வயதுப் பிள்ளை 2013 இல் ரக்பி விளையாடும்போது தலையில் அடிபட்டு இறந்த பிறகு வந்த சட்டம். சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் திரும்ப இறக்கக்கூடாது. அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று 'ஒண்டுமில்லை, விளையாடட்டும்' என்று கத்துவார். கேட்காதீர்கள். பெயரைப் பார்த்து இதை ஊரில் ரெனிஸ் பந்தில் அடித்த மென்பந்து கிரிக்கெட் போல நினைக்கவும் வேண்டாம். பெரிய பிள்ளைகள் விளையாடும் பந்து 12 அங்குலச் சுற்றளவு, கல்லு மாதிரி இருக்கும்.

பிள்ளைகள் விட்டுப்போகிற இன்னொரு காரணம் வரிசை. ஒருத்தி அடிக்க, பதினொரு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிற பயிற்சிக்கு யார் திரும்பி வருவாள்? நாலு நாலு பேராகப் பிரியுங்கள். ஒரு பக்கம் நிலத்தில் உருண்டு வரும் பந்தைப் பிடிக்க, ஒரு பக்கம் எறிய, ஒரு பக்கம் கம்பத்தில் பந்தை வைத்து அடிக்க. பத்து நிமிடத்துக்கொருக்கால் மாற்றுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலையும் கொடுங்கள். ஒருத்தி தலைக்கவசங்களை எண்ணட்டும், ஒருத்தி ஓட்டக் கொப்பி எழுதட்டும். தன்னுடைய வேலை அங்கே காத்திருக்கிறது என்று தெரிந்த பிள்ளை வீட்டில் அப்பாவை எழுப்பிக் கூட்டி வருவாள். பந்து வீசுவதற்கும் ஒருத்தியையே நம்பியிருக்காதீர்கள். கையைச் சுழற்றி வீசும் முறையை மூன்று பேருக்காவது பழக்குங்கள். நான் முப்பத்தெட்டு வயதில் வீட்டுக் கராஜ் கதவுக்கு வீசிப் பழகி, பிறகு பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்தேன். அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

பெற்றோரையும் உள்ளே இழுங்கள். ஒரு அம்மா எப்போதும் காருக்குள்ளேயே இருப்பார். ஒரு நாள் தேத்தண்ணி கொடுத்துக் கதைத்தபோது, ஊரில் பாடசாலை எல்லே அணியில், பந்தைத் தடியால் அடித்து ஓடுகிற எங்கள் ஊர் விளையாட்டில், விளையாடியவர் என்றார். அவரை முதலாம் தளத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். எல்லேயில் ஓடுகிறவள் மேல் பந்தால் எறிந்தால் ஆட்டமிழப்பு. இங்கே பந்தோடு தொடவேண்டும், அல்லது அவளுக்கு முதல் பந்து தளத்துக்குப் போகவேண்டும். அந்த வித்தியாசத்தை அவர் ஒரே மாலையில் பிடித்துவிட்டார். எப்போது ஓடவேண்டும் என்பது என்னைவிட அவருக்கு வடிவாகத் தெரியும். அதற்குப் பிறகு அவருடைய மகள் ஒரு நாளும் தவறவில்லை.

எங்கள் சனத்தில் எனக்கொரு கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று வயது வந்ததும் பெண்பிள்ளைகளை நிறுத்திவிடுகிறார்கள். ரியூசன், அரங்கேற்றம், வெயிலில் கறுத்துப்போவாள். கறுத்தால் என்ன? ஊரில் நாங்கள் எல்லோரும் வெயிலில்தானே வளர்ந்தோம்? மகனுடைய ஹொக்கிக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிற அதே அப்பா மகளுக்கு ஒரு கையுறை வாங்க யோசிக்கிறார். 2021 இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கனடாப் பெண்கள் மெக்சிகோவை 3-2 என்று வென்று வெண்கலம் எடுத்தார்கள். சொஃப்ட்போலில் இந்த நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம். அந்த இரவு என் பழைய பிள்ளைகள் எத்தனை பேர் விழித்திருந்து எனக்குச் செய்தி அனுப்பினார்கள் தெரியுமா? எல்லோரும் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள். விளையாட்டால் ஒருத்தியும் கெட்டுப்போகவில்லை.

நான் 1994 தை மாதம் வந்தவன். ஒரு பேஸ்மென்டில் ஏழு பேர், இரவு பத்து மணிக்குத் தொழிற்சாலை வேலை. கோடையில் வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து பார்க்க, வெளிச்சம் போட்ட மைதானத்தில் பெண்பிள்ளைகள் மண்ணில் சறுக்கி விழுந்து எழும்புவார்கள். என்ன விளையாட்டு என்றுகூடத் தெரியாது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு என் மகள் அதே மைதானத்தில் நின்றாள். அந்த வருடம் எனக்கும் மனைவிக்கும் மாறி மாறி வேலை, கார் பழுது. அவளுடைய பயிற்றுநர் அறுபது வயதுக் கனேடியப் பெண்மணி. எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு செவ்வாயும் ஐந்தரைக்கு வெள்ளை வானில் வாசலில் வந்து நிற்பார்.

ஒரு செவ்வாய் நல்ல மழை, இடி. விளையாட முடியாது என்று எங்களுக்கே தெரியும். ஐந்தரைக்கு வான் வந்தது. காசு கட்டாமல் எங்கள் ஃபோன் வெட்டுப்பட்டிருந்த கிழமை அது. நனைந்துகொண்டு படியிறங்கி வந்து, இன்றைக்கு ஆட்டம் இல்லை, வியாழக்கிழமை வருகிறேன் என்று என் மகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.