மகள் சர்வே படிக்கட்டுமா?

அன்புள்ள அம்மா,

"ட்ரோனும் ஜிபிஎஸ்ஸும் வந்த பிறகு சர்வேயருக்கு என்ன வேலை மிச்சம்?" என்று கேட்டிருந்தீர்கள். மகளுக்கு நில அளவைமேல் ஆசை, உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. புரிகிறது.

அளப்பது சுலபமாகிவிட்டது என்பது உண்மைதான். 66 அடி நீளமும் 100 கண்ணியும் கொண்ட கன்ட்டர் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்த காலம் மலையேறிவிட்டது. (ஒரு சங்கிலி அகலம், பத்துச் சங்கிலி நீளம் என்றால் சரியாக ஓர் ஏக்கர். எனக்கு இன்றும் பிடித்த கணக்கு!) இன்றைய செயற்கைக்கோள் கருவி ஒரு புள்ளியின் இருப்பிடத்தை ஓரிரு சென்டிமீட்டருக்குள் சொல்லிவிடும். ஆனால் அந்தப் புள்ளிதான் எல்லையா என்று அதற்குத் தெரியாது.

ஒரு பத்திரத்தில் 30 மீட்டர் என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். களத்தில் பழைய எல்லைக்கல் 30.4 மீட்டரில் நிற்கிறது. எது சரி? பத்திரம்தான் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். பல நாடுகளின் சட்டத்தில், முதன்முதலில் நட்டு, இடம் மாறாமல் இருக்கும் கல்லுக்குத்தான் முதல் மதிப்பு; எழுதிய அளவு அதற்குப் பின்தான். அந்தக் காலத்தில் அளந்தவரின் சங்கிலி தேய்ந்து நீண்டிருக்கலாம், வெயிலில் உலோகம் நீண்டிருக்கலாம். 30 மீட்டர் எஃகு நாடாவே 10 டிகிரி வெப்பம் கூடினால் மூன்று மில்லிமீட்டருக்குமேல் நீளும். அதற்காக 40 சென்டிமீட்டரையும் வெயில்மேல் போட்டுவிட முடியாது. யாராவது கல்லை நகர்த்தினார்களா? பக்கத்துக் கற்கள் என்ன சொல்கின்றன? பழைய வரைபடம்? வேலி எப்போது வந்தது? இவ்வளவையும் விசாரிக்கும்போது இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் தலைக்குமேல் நின்று கத்திக்கொண்டிருப்பார்கள். சர்வேயர் எல்லையை உண்டாக்குகிறவர் அல்ல, இருக்கிற எல்லையைக் கண்டுபிடிக்கிறவர். உங்கள் மகளுக்கு இந்தத் துப்பறியும் வேலை பிடிக்குமா என்று பாருங்கள்.

கணக்கில் திரிகோணவியல் நன்றாக வர வேண்டும். அதைவிட, செய்ததைத் திரும்பச் சரிபார்க்கும் குணம் வேண்டும். கோணத்தில் 20 விநாடி (ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு விநாடி) தவறினால் 100 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் விலகிவிடும். சண்டை சச்சரவு அவளுக்கு ஒத்துவராது என்றால் கட்டுமானம், சுரங்கம், கடலடி அளவை என்று வேறு கிளைகளும் இருக்கின்றன.

வெயிலும் நடையும் நிச்சயம் உண்டு. கருவி ஐந்தாறு கிலோ, முக்காலியும் ஏறக்குறைய அதே எடை. "பெண் பிள்ளை தூக்குவாளா" என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்: பள்ளிப் பையைச் சுமந்தவள்தானே.

கல்லூரியில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். மாணவர் கையில் கருவியைக் கொடுத்து எத்தனை நாள் களப்பயிற்சி தருகிறார்கள்? இந்தப் படிப்பு உரிமம் பெறச் செல்லுமா? எல்லை வரைபடத்தில் கையெழுத்திடப் பல இடங்களில் பட்டம் மட்டும் போதாது. உரிமம் பெற்றவரிடம் சில காலம் வேலை பழகித் தேர்வும் எழுத வேண்டும்.

அதற்குமுன், ஒரு விடுமுறை நாளில் தெரிந்த சர்வேயரோடு களத்துக்கு அனுப்பிவையுங்கள். திரும்பி வந்ததும் வெயிலைப் பற்றிக் கேட்காதீர்கள். கல் எங்கே இருந்தது என்று கேளுங்கள். அரை மணி நேரம் மூச்சுவிடாமல் சொன்னாளென்றால் விண்ணப்பம் வாங்கிவிடலாம்.