வரமா, சாபமா: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

தாராபுரம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஆண்டு விழாவில் மாணவர் பட்டிமன்றம் உண்டு. இந்த முறை தலைப்பு 'கொரோனா காலம் தந்தது வரமா, சாபமா?'. 'வரம்' அணியைத் தயார்செய்யும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பிள்ளைகள் இணையத்தில் தேடிக் குறிப்பெடுத்து வந்திருக்கிறார்கள். காற்று சுத்தமானது, வெனிஸ் கால்வாய்க்கு டால்பின் வந்தது, ஆமைகள் கரையேறின, குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது, மதுக்கடை மூடிக் கிடந்தது. ஒவ்வொன்றும் சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அதே அணியில் ஒரு மாணவி, 2021 மே மாதத்தில் தந்தையைப் பறிகொடுத்தவள். அவள் வாயால் 'வரம்' என்று எப்படிச் சொல்லவைப்பது? அந்த நாட்களில் நல்லது எதுவுமே நடக்கவில்லை என்றால் அதுவும் பொய்தானே? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஓர் ஆசிரியை, தாராபுரம்

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதல் வேலையாக டால்பினைக் குறிப்பிலிருந்து அடித்துவிடுங்கள். 2020 மார்ச்சில் உலகமெல்லாம் சுற்றிய அந்தக் காணொளி வெனிஸில் எடுத்ததே அல்ல. சார்டினியா தீவின் துறைமுகம் ஒன்றில் எடுத்தது. கூடவே வந்த அன்னங்கள் நிஜம்தான், ஆனால் அவை புரானோ என்ற பக்கத்துத் தீவில் வழக்கமாகவே திரிபவை. கால்வாய் நீர் தெளிந்தது உண்மை; படகுகள் கலக்காததால் வண்டல் அடியில் படிந்தது, அவ்வளவுதான். ஆமைக் கதையும் நிற்காது. ஒடிசாவின் ருஷிகுல்யா கழிமுகத்தில் அந்த மார்ச்சில் பங்குனி ஆமைகள் லட்சக்கணக்கில் முட்டையிட்டன, முந்தைய ஆண்டு அப்படி வரவில்லை. உடனே ஊரடங்கைக் காரணம் காட்டிவிட்டார்கள். அந்த ஆமைகள் சில ஆண்டுகளில் கூட்டமாக வரும், சில ஆண்டுகளில் வராது. 2020இல் வந்தவை இணைசேர்ந்து கரையை நெருங்கியபோது ஊரடங்கு என்ற பேச்சே இல்லை.

பிள்ளைகளுக்கு ஒரு பறவை வேண்டுமென்றால் நான் தருகிறேன். சான் பிரான்சிஸ்கோவில் வெண்முடிச் சிட்டு என்று சொல்லத்தக்க ஒரு குருவி உண்டு. வாகன இரைச்சலை மீறிக் கேட்பதற்காக நகரத்துக் குருவிகள் பல ஆண்டுகளாகக் கத்திப் பாடப் பழகியிருந்தன. 2020 வசந்தத்தில் அந்த நகரத்தின் போக்குவரத்து 1950களின் அளவுக்கு இறங்கியது. சில வாரங்களிலேயே குருவிகளின் குரல் தணிந்தது. தணிந்த குரல் முன்பைவிட இரண்டு மடங்கு தூரம் கேட்டது, பாட்டும் நேர்த்தியானது. முன்பே பல ஆண்டுகள் அந்தக் குருவிகளைப் பதிவுசெய்து வைத்திருந்ததால்தான் ஆய்வாளர்களால் இதை ஒப்பிட்டுச் சொல்ல முடிந்தது. எந்தப் பட்டிமன்றத்திலும் யாராலும் மறுக்க முடியாத செய்தி இது.

காற்று சுத்தமானதும் மறுக்க முடியாததுதான். ஏப்ரல் தொடக்கத்தில் பஞ்சாபின் ஜலந்தரில் மொட்டை மாடிகளில் நின்றவர்கள் தௌலாதர் பனிமலையைப் பார்த்தார்கள். ஆனால் மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நான்கு மணி நேரத்தில் அமலுக்கு வந்த உத்தரவுதான் அந்த மலையைக் காட்டியது. அதே உத்தரவுதான் கூலியும் வண்டியும் இல்லாமல் லட்சக்கணக்கானவர்களை நெடுஞ்சாலையில் நடக்கவைத்தது. மே 8 விடியலில் மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் அருகே, ரயில் எதுவும் ஓடாது என்று நம்பித் தண்டவாளத்தில் கண்ணயர்ந்த 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். 'இயற்கை தன்னைக் குணப்படுத்திக்கொள்கிறது, மனிதன்தான் கிருமி' என்று அந்த வாரங்களில் எழுதியவர்கள் அத்தனை பேர் வீட்டிலும் அரிசி இருந்தது. நடந்தவர்களில் எவரும் அப்படி எழுதி நான் பார்க்கவில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உலகம் ஏறக்குறைய முழுவதும் வீட்டுக்குள் அடைந்திருந்த 2020 ஏப்ரலின் முதல் வாரத்தில், கரியமில வாயு வெளியேற்றம் முந்தைய ஆண்டின் தினசரி சராசரியைவிட 17 சதவீதம்தான் குறைந்தது. விமானங்கள் நின்றன, கார்கள் நின்றன, கடைகள் மூடின. அப்போதும் ஆறில் ஐந்து பங்கு கரியமில வாயு ஒரு குறையுமில்லாமல் வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் பெரும்பகுதி மின்நிலையங்கள், இரும்பு, சிமென்ட், உரம் போன்ற தொழில்களின் பங்கு. ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் குறைவு ஐந்தரை சதவீதத்துக்குள் வந்துவிட்டது. மறு ஆண்டே ஏறக்குறைய பழைய அளவுக்கு ஏறிவிட்டது. வெப்ப உயர்வை ஒன்றரை டிகிரிக்குள் நிறுத்தப் பத்தாண்டுகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் 7.6 சதவீதம் குறைக்க வேண்டும் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2019இல் கணக்குச் சொல்லியிருந்தது. இத்தனை பேர் இத்தனை துன்பப்பட்டும் ஓர் ஆண்டின் பங்குகூடத் தேறவில்லை. ஹவாயின் மௌனா லோவா ஆய்வகத்தில் அந்த மே மாதம் பதிவான, காற்றிலுள்ள கரியமில வாயுவின் அளவு, பத்து லட்சத்துக்கு 417 பங்கு, அதுவரை இல்லாத உச்சம்.

பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான மீத்தேனின் கதை இன்னும் விசித்திரம். 2020இல் அது அதுவரை அளந்ததிலேயே அதிக வேகத்தில் கூடியது. சதுப்பு நிலங்களில் கூடுதலாக உற்பத்தியானது ஒரு காரணம். மற்றொன்று, வாகனப் புகை குறைந்தது! அந்தப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் குறையும்போது, காற்றில் மீத்தேனைச் சிதைக்கும் ஹைட்ராக்சிலும் குறைந்துபோகிறது. அறிவியல் ஆசிரியரிடம் சொல்லி இதைப் பிள்ளைகளுக்கு விளக்கச் சொல்லுங்கள். எதிரணி இதைக் கொண்டுவந்தால் உங்கள் அணி திண்டாடும்.

ஆகவே ஊரடங்கு நமக்குக் காட்டியது இதுதான்: கண்ணுக்குத் தெரியும் புகை சில வாரங்களில் விலகும், கரியமில வாயு விலகாது, வீட்டுக்கு வீடு தியாகம் செய்வதால் மட்டும் அது குறையாது. தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை என்பதில் சந்தேகமில்லை. அதற்கு வரம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு விஷயம் பிள்ளைகளின் குறிப்பில் விட்டுப்போயிருக்கிறது. தெருவில் மயில் நடக்கும் படத்தை நாம் பகிர்ந்துகொண்டிருந்த அதே வாரங்களில்தான், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் புதிய வரைவைப் பற்றி மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று மத்திய அரசு கேட்டிருந்தது. அனுமதி வாங்காமல் தொடங்கிய திட்டங்களுக்கும் பிற்பாடு அனுமதி வழங்க வழிசெய்யும் வரைவு. கூட்டம் கூட முடியாது, தபால் சரியாக ஓடாது, வரைவோ ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருந்தது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் இறுதியில் சொல்ல வேண்டியிருந்தது. சுற்றுச்சூழலுக்கு 2020 என்ன செய்தது என்று பேசும்போது மயிலோடு இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

குடும்பம் ஒன்றாகச் சாப்பிட்டதைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். சில வீடுகளில் சாப்பிட்டார்கள். அந்த ஏப்ரலிலேயே, குடும்ப வன்முறைப் புகார்கள் கூடியிருப்பதாகத் தேசிய மகளிர் ஆணையம் சொன்னது. மதுக்கடை மூடிய ஒன்றரை மாதத்தில் குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள், வார்னிஷ் குடித்துச் செத்தவர்களும் இருக்கிறார்கள். மே 7இல் கடை திறந்ததும் ஒரே நாளில் சுமார் 170 கோடி ரூபாய்க்கு விற்றது. மூடி வைத்ததால் மட்டும் வந்த நல்லது, திறந்த நாளிலேயே போய்விட்டது.

யாராவது மெனக்கெட்டுச் செய்தவைதான் பிறகும் நின்றன. பாரிஸ் நகராட்சி பெருந்தொற்றின்போது மஞ்சள் கோடு போட்டுத் தற்காலிகமாக ஒதுக்கிய மிதிவண்டித் தடங்கள் பல, பின்னர் நிரந்தரமாயின. நம் ஊரில் உதாரணம் உங்கள் துறையிலேயே இருக்கிறது. ஒன்றரை ஆண்டுக்கும் மேல் மூடிக் கிடந்து, ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் 2021 நவம்பர் 1இல் திறந்தன. அதற்குச் சில நாட்கள் முன்பு மரக்காணம் அருகே 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் மாலை நேரத்தில் பாடம் சொன்னவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். பெருந்தொற்றால் பிள்ளைகள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது என்றும் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு சொல்கிறது. உங்கள் மாணவர்களில் சிலரே அப்போது அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். இணையத்தில் தேடுவதை விட்டுவிட்டு அவர்களை அதைச் சொல்லச் சொல்லுங்கள். பாடம் சொன்ன அக்காவையே விழாவுக்கு அழைத்தாலும் நல்லது.

அந்த மாணவியைப் பொறுத்தவரை, எந்த அணி வேண்டும் என்று அவளையே தனியாகக் கேளுங்கள். மேடை வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். தலைமையாசிரியர் தலைப்பை மாற்ற இசைந்தால் 'பெருந்தொற்றுக் காலத்தில் நாம் செய்தவற்றில் எதைத் தொடர வேண்டும்?' என்று வைத்துப் பாருங்கள். பட்டிமன்றத்துக்குச் சற்றுக் காரம் குறைவுதான், நடுவர் முணுமுணுப்பார். மீத்தேன் பற்றி அறிவியல் ஆசிரியருக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் எழுதச் சொல்லுங்கள், விழாவுக்குள் பதில் அனுப்பிவிடுகிறேன்.