வாசகர் கேள்வி – பதில்: கல்லோயா, லகுகல, கூமுனைக் காடுகள்

அம்பாறை மாவட்டத்தின் தேசியப் பூங்காக்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் ஒன்றோடொன்று தொடர்புடையவற்றைத் தெரிந்தெடுத்து, இவ்விதழில் விடை எழுதியிருக்கிறோம்.

கேள்வி (ஆரையம்பதி ஆசிரியை ஒருவர்): எங்கள் பாடசாலை மாணவர்களைக் கல்லோயாப் பூங்காவிற்கு அழைத்துச் சென்று, சேனநாயக்க சமுத்திரத்தில் படகில் யானை காட்ட விரும்புகிறோம். எந்த மாதத்தில் போவது நல்லது? யானை நீந்தும் என்று மாணவர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

பதில்: யானையை இன்ன நாளில், இன்ன இடத்தில் காட்டுவதாக எவரும் வாக்குக் கொடுக்க முடியாது. எனினும் மாரி மழை ஓய்ந்து, நீர் மெல்ல இறங்கத் தொடங்கும் மார்ச் மாதம் முதல் ஜூலை வரையான காலமே இதற்கு ஏற்றது. தமிழர் பட்டிப்பளை ஆறு என வழங்கும் கல்லோயாவை இங்கினியாகலயில் மறித்து, 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்கீழ் இந்த நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. அதன் நீரேந்து பகுதியைக் காக்கும் நோக்கில் 1954 ஆம் ஆண்டு பெப்ரவரி 12 ஆம் திகதி சுற்றியுள்ள காடு தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் பரப்பு 25,900 ஹெக்டேயர். நீர் நிறைந்தபோது தாழ்ந்த நிலமெல்லாம் மூழ்க, குன்றுகளின் உச்சிகள் மட்டும் தீவுகளாக எஞ்சின. சிறுபோக வயல்களுக்கு நீர் திறந்துவிடப்பட்டு மட்டம் குறையும்போது, அத்தீவுகளின் ஓரத்திலும் கரையோரத்திலும் ஈரமண் வெளிப்பட்டு இளம்புல் தளிர்க்கிறது. யானைகள் அந்தப் புல்லுக்காகவே வருகின்றன. ஒரு தீவில் மேய்ச்சல் குறைந்தால் அடுத்த தீவிற்கு நீந்திச் செல்கின்றன.

மாணவர்களின் ஐயத்தைத் தீர்க்க அவர்களுடைய விஞ்ஞானப் பாடமே உதவும். நீந்தும் யானையின் உடல் ஏறத்தாழ முழுவதும் நீருக்குள் இருக்க, துதிக்கை மட்டும் மேலே நீண்டு காற்றை இழுக்கும். அவ்வளவு ஆழத்தில் உடல் இருக்க நீர்மட்டத்துக் காற்றைச் சுவாசிப்பது மனிதனுக்கு ஆபத்தானது. நீரின் அழுத்தம் நெஞ்சை நெருக்கும். ஏனைய பாலூட்டிகளில் நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையில் மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. யானையில் அந்த இடைவெளி இணைப்பிழையத்தால் நிரம்பியிருக்கிறது. இவ்வழுத்த வேறுபாட்டைத் தாங்குவதற்கு இதுவே துணைபுரிகிறது என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

படகுக்காரரிடம் முன்கூட்டியே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீந்திக்கொண்டிருக்கும் கூட்டத்தைக் கண்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அவை கரையேறும் வரை தள்ளி நிற்க வேண்டும். கன்றுகளோடு நீந்தும் தாய் யானைகளுக்குப் படகு குறுக்கே வந்தால் திரும்பிப் போவதைத் தவிர வேறு வழியில்லை. களைத்த கன்றுக்கு அது உயிராபத்தாகவும் முடியலாம். யானை வராத நாளிலும் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் கூடு கட்டும் பறவைத் தீவு ஒன்று நீர்த்தேக்கத்தில் இருக்கிறது. ஆகவே மாணவர்கள் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி நாட்டு வைத்தியர் ஒருவர்): கல்லோயாப் பகுதியில் பெருங்காட்டை எதிர்பார்த்துப் போன எனக்குப் புல்வெளியும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடுக்காய் மரங்களும் மட்டுமே தென்பட்டன. காட்டை அழித்துவிட்டார்களா?

பதில்: தாங்கள் கண்டது அழிக்கப்பட்ட காடு என்று எண்ணத் தேவையில்லை. சிங்களத்தில் ‘தலாவ’ என அழைக்கப்படும் மரஞ்செறியாப் புல்வெளி அது. இலங்கையில் மிகச் சில இடங்களிலேயே காணக் கிடைப்பது. மானாப் புல்லும் இலுக்குப் புல்லும் ஆளுயரத்திற்கு வளரும் அந்நிலத்தில் கோடைதோறும் தீ பரவுகிறது. மேய்ச்சலுக்காகவும் வேட்டைக்காகவும் மனிதர் வைக்கும் தீயே அதிகம். தீயைத் தாங்கும் தடித்த பட்டையுள்ள மரங்கள் மட்டுமே அங்கே நிலைத்து நிற்கின்றன. கடுக்காய், தான்றி, நெல்லி ஆகிய மூன்றும் ஒரே வெளியில் அருகருகே நிற்பதைக் காண்பது தங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களுக்குத் தனி மகிழ்ச்சி தரும். திரிபலாச் சூரணம் முழுவதும் அங்கே மரத்தில் தொங்குகிறது எனலாம். வேங்கை மரமும் அவற்றோடு வளர்கிறது.

முற்றிய மானாப் புல்லை மான்கள் விரும்புவதில்லை. எரிந்த நிலத்தில் மழை விழுந்ததும் துளிர்க்கும் குருத்தையே புள்ளிமானும் மரையும் தேடி வருகின்றன. ஆதலால் தீயே கூடாதென்றும் சொல்ல முடியவில்லை, ஆண்டுதோறும் எரியட்டும் என்றும் விட முடியவில்லை. அடுத்தடுத்து எரியும் இடத்தில் கடுக்காய்க் கன்று ஒன்றுகூட மரமாவதில்லை. இன்று நிற்கும் முதிய மரங்களுக்குப் பின் அங்கே புல் மட்டுமே எஞ்சும் என்ற கவலை எனக்கு உண்டு. நாட்டின் பிற பகுதிகளில் அரிதான வர்ணக் கவுதாரி வாழ்வதும் இந்தப் புல்வெளியிலேயே. அதிகாலையில் அதன் குரலைக் கேட்கலாம். பறவையைக் காண்பது கடினம்.

கேள்வி (வெல்லாவெளி விவசாயி ஒருவர்): யானைக்கென்று இவ்வளவு பெரிய காட்டை ஒதுக்கிய பின்னும் அது ஏன் எங்கள் வயல் வட்டைக்கு வருகிறது? எல்லாவற்றையும் துரத்திப் பூங்காவுக்குள் விட்டு, சுற்றி மின்வேலி போட்டால் தீராதா?

பதில்: இரவெல்லாம் பரணில் கண்விழித்து, விடியும் முன் கண்ணயர்ந்த வேளையில் விளைந்த நெல்லை இழந்தவரின் கேள்வி இது. வீட்டுச் சுவரை உடைத்து நெல்மூட்டையை இழுத்த யானையால் உயிரிழந்தவர்களும் எமது மாவட்டங்களில் உள்ளனர். அவர்களின் துயரத்தைச் சிறிதும் குறைத்து மதிப்பிடாமல்தான் பின்வருவதை எழுதுகிறேன்.

வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் பசுந்தீவனம் வேண்டும். பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கி நிழல் கவிந்த முதுகாட்டின் தரையில் அவ்வளவு தீவனம் முளைப்பதில்லை. கைவிடப்பட்ட சேனை நிலம், பற்றைக்காடு, குளத்து ஓரம், அறுவடை முடிந்த வயல் ஆகியவற்றிலேயே அது கிடைக்கிறது. எனவே பெரிய காடு என்பதும் யானைக்கு ஏற்ற காடு என்பதும் ஒன்றல்ல. 2011 இல் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் பதிவாகின; யானைகள் நடமாடும் நிலத்தின் பெரும்பகுதி பூங்காக்களின் எல்லைக்கு வெளியே, மனிதர் குடியிருக்கும் இடங்களோடு கலந்தே கிடக்கிறது. அவை காட்டிலிருந்து வழிதவறி ஊருக்குள் வந்தவை அல்ல. கல்லோயாத் திட்டம் வருவதற்கு முன்பிருந்தே தலைமுறை தலைமுறையாக நடந்த தடத்தில்தான் இன்றும் நடக்கின்றன.

துரத்துவதைப் பொறுத்தவரை, வெடி கொளுத்தி வெருட்டும்போது முதலில் ஓடுவன தாய் யானைகளும் கன்றுகளும். வயலை அழிக்கும் அலியன்கள் (தந்தமில்லா ஆண் யானைகள்) பெரும்பாலும் பின்தங்கிவிடுகின்றன, பிடித்து வேறிடத்தில் விட்டாலும் பல திரும்பி வருகின்றன. பூங்காவுக்குள் தள்ளப்பட்டு வேலியால் அடைக்கப்பட்ட கூட்டங்களோ தீவனமின்றி மெலிகின்றன. பிற மாவட்டங்களில் எலும்பு துருத்திய தாய்களும் கன்றுகளும் அப்படிச் செத்திருக்கின்றன.

வேலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எங்கே நிற்க வேண்டும் என்பதே கேள்வி. இதுவரை போடப்பட்ட வேலிகளுள் பல, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் காடும் வனத் திணைக்களத்தின் காடும் சந்திக்கும் எல்லையிலே ஓடுகின்றன. அவற்றின் இரு பக்கமும் காடு, இரு பக்கமும் யானை. அங்கே வேலியைக் கவனிக்க ஆளில்லை. கொடி படர்ந்து கம்பியைத் தொட்டால் மின்னழுத்தம் இறங்கிவிடும். தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதைக் கொம்பன் விரைவில் அறிந்துகொள்கிறது; அலியன் உள்ளங்காலால் தூணைச் சரித்துவிட்டுக் கடக்கிறது. 2020 இல் தயாரிக்கப்பட்ட, மனித–யானை முரண்பாட்டைத் தணிப்பதற்கான தேசிய செயல்திட்டம், வேலியை ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் போடுமாறு கூறுகிறது. வயல்வேலி விதைப்பில் கட்டப்பட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றப்படும். பிறகு தாளை யானை மேய்ந்து போகும். தங்கள் வட்டையின் விவசாயிகள் சங்கமே நின்று புல் வெட்டி, கம்பி பார்த்து, பழுது திருத்தும் வேலிதான் நீடிக்கும். இதற்கான கோரிக்கையைப் பெரும்போகக் கூட்டத்திலேயே எழுத்தில் முன்வையுங்கள். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுவதை மட்டும் எவரும் செய்யக் கூடாது. முறையான யானைவேலி அதிர்ச்சியை நொடிப்பொழுது விட்டு விட்டுத் தருவதால் உயிர் போவதில்லை. நேரே விடும் வீட்டு மின்சாரமோ யானையையும் கொல்லும், விடியலில் வயலுக்குப் போகும் அயலவரையும் கொல்லும்.

கேள்வி (பொத்துவில் வாசகர் ஒருவர்): லகுகலப் பூங்கா இவ்வளவு சிறியதாயிருக்க, அதில் ஏன் அத்தனை யானைகள்?

பதில்: முந்தைய விடையின் மறுபக்கம் இது. 1980 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட லகுகல–கித்துலானவின் பரப்பு 1,554 ஹெக்டேயர் மட்டுமே. ஆனால் அங்குள்ள குளங்களில் ‘பெரு’ என்னும் நீர்ப்புல் செழித்து வளர்கிறது. கச்சான் காற்று மற்ற இடங்களையெல்லாம் காய வைக்கும் மாதங்களில் யானைகள் முழங்கால் நீரில் நின்று அப்புல்லை வேரோடு பிடுங்கி, சேறு போக அலசி, மணிக்கணக்கில் உண்கின்றன. கல்லோயாவுக்கும் கூமுனைக்கும் இடையில் நடக்கும் யானைகளுக்கு அது வழித்தங்கலுமாகும்.

கேள்வி (திருக்கோவில் வாசகி ஒருவர்): கதிர்காமப் பாதயாத்திரையில் கூமுனையைக் கடந்திருக்கிறேன். பறவைகள் அங்கே ஏன் அவ்வளவு திரளாகக் கூடு கட்டுகின்றன? யாத்திரிகர் நடப்பதால் விலங்குகளுக்குத் தீங்கு நேருமா?

பதில்: உகந்தை முருகனை வணங்கிக் காட்டுப்பாதையில் இறங்கும் அடியவர்கள், 35,664 ஹெக்டேயர் பரப்புள்ள கூமுனைத் தேசியப் பூங்காவின் ஊடாகவே நடக்கிறார்கள். யால கிழக்கு என்று முன்னர் அறியப்பட்ட அப்பூங்கா, 1985 முதல் 2003 வரை போரினால் மூடிக் கிடந்து, 2006 இல் இப்பெயரைப் பெற்றது. பறவைகளின் நடுவிடம் ஏறத்தாழ 200 ஹெக்டேயர் பரந்த, கூமுனை வில்லு என்னும் ஆழமற்ற நீர்நிலை. குமுக்கன் ஆற்றிலிருந்து ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றின் வழியாக அதற்கு நீர் வருகிறது. அங்கே கிண்ணை மரங்கள் நீரில் நிற்கின்றன. சம்புப் புல் அடர்ந்திருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் நீர் வற்றி மீன் சிறு குட்டைகளில் நெருங்கும்போது, சங்குவளை நாரைக்கும் கரண்டிவாயனுக்கும் அரிவாள்மூக்கனுக்கும் குஞ்சுக்கு இரை தேடி நெடுந்தூரம் பறக்கும் வேலை இல்லை. கூட்டின் கீழே நீரும், நீரில் முதலையும் இருப்பதால் முட்டை திருட வரும் குரங்கும் தயங்குகிறது. 2004 ஆழிப்பேரலை வில்லின் மரங்களைப் பாதித்த போதிலும், இதுவரை 255 பறவை இனங்கள் அப்பூங்காவில் பதிவாகியுள்ளன. கூமுனை ஈரநிலத் தொகுதி 2010 இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

நடப்பதால் தீங்கில்லை, யாத்திரை அக்காட்டுக்குப் புதியதுமல்ல. தீங்கு நாம் விட்டுச் செல்பவற்றால் நேர்கிறது. சோறும் கறியும் ஒட்டிய பொலித்தீன் பையில் உப்பின் வாசனை இருக்கும். மானும் யானையும் பையோடு சேர்த்து விழுங்கும். அம்பாறைக்கு அருகே பள்ளக்காட்டில் திறந்தவெளியில் கொட்டப்படும் குப்பையை உண்டு, எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் மாண்டதாக 2022 இன் தொடக்கத்தில் செய்தி வந்தது. இறந்தவற்றின் வயிற்றில் பொலித்தீனும் உணவுப் பொதிகளும் இருந்தன. செரிக்கக்கூடிய உணவு இருக்கவில்லை. எனவே தண்ணீருக்கு உலோகக் கலன், சோற்றுக்கு வாழையிலை அல்லது சொந்தத் தட்டு என்று கொண்டுபோய், எஞ்சிய பை எதுவாயினும் கதிர்காமம் வரை சுமந்து செல்லுங்கள். பாதையில் பாலைப்பழம் உதிர்ந்து கிடந்தால், பொறுக்கக் குனியும் முன் மரத்தின் மேலே பாருங்கள். அது கரடிக்கு மிக விருப்பமான பழம். மரத்தில் ஏறியிருந்து உண்ணும். கீழே ஆளைக் கண்டு திடுக்கிட்டு இறங்கும் கரடி தாக்கக்கூடியது.

கேள்வி (அக்கரைப்பற்று மாணவர் ஒருவர்): சிறுத்தையைக் காண ஏற்ற இடம் கல்லோயாவா, கூமுனையா?

பதில்: இரண்டிலும் சிறுத்தை உண்டு. கூமுனையில் பாறைகளும் திறந்த வெளிகளும் இருப்பதால் அதிகாலையில் காணும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி (மீண்டும் களுவாஞ்சிக்குடி வைத்தியர்): கல்லோயாவில் வீணாக உதிரும் கடுக்காயை மருந்துக்குப் பொறுக்கி வரலாமா?

பதில்: கூடாது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தேசியப் பூங்காவிலிருந்து தாவரத்தின் எப்பகுதியையும் எடுக்க இடந்தருவதில்லை. அன்றியும் அது வீணாக உதிர்வதில்லை. மானும் மரையும் தின்று கொட்டையை வேறிடத்தில் போடுவதாலேயே கன்று பரவுகிறது. மருந்துக்குப் பூங்காவிற்கு வெளியே வளர்த்த மரத்தின் காயையே வாங்குங்கள். இடமிருந்தால் வைத்தியசாலை வளவிலேயே நட்டுக்கொள்ளலாம். கொட்டையின் ஓடு கடினமாதலால், சதையை நீக்கி நீரில் ஊறவைத்து, மாரி தொடங்குமுன் விதைத்தால் முளைக்கும் வாய்ப்புக் கூடும்.